நாய்க்குட்டி கடிக்க என்ன கொடுக்கலாம்?



நாய்க்குட்டி செருப்பைக் கடிக்கிறது, பாயைக் கிழிக்கிறது என்று அடிக்காதீர்கள். மூன்று மாதம் முதல் ஆறேழு மாதம் வரை அதற்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். மொத்தம் 42 பல். ஈறு நமநமக்கும். கடிக்காமல் என்ன செய்யும்?

பழைய செருப்பைக் கொடுக்கலாமா? வேண்டாம். எது பழையது, எது புதியது என்று அதற்குத் தெரியுமா?

வெந்த கோழி எலும்பு கொடுக்கவே கூடாது. அது ஊசி போல உடைந்து குடலைக் குத்தும். கயிறு, துணி, பிளாஸ்டிக் துண்டுகளை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். நாய் ஓயாமல் வாந்தி எடுக்கும். சோறு தின்னாது. அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் உயிர் போய்விடும்.

கெட்டி ரப்பர் பொம்மை நல்லது. அது முழுதாக வாய்க்குள் போகக்கூடாது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் போல இருந்தால் பல் உடையும். துண்டு பெயர்ந்தால் எடுத்துவிடுங்கள்.

வாயிலிருந்து பிடுங்காதீர்கள். ஒரு துண்டு ரொட்டியைக் காட்டுங்கள். பொம்மையைப் போட்டுவிடும். குழந்தைகளைப் பிடுங்க விடாதீர்கள். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.