வீடியோவில் டாக்டர்: நம் பக்கம் தயாரா?

(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். நேரத்துக்குக் கவுண்டரை மூடத் தெரியும்.

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்தவன். வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் காட்டிக்கொள்ளும் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன வருஷம் என் மனைவிக்குக் கால் வீங்கியது. ஏழெட்டு வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். டாக்டரிடம் நேரில் போனால் ஆட்டோ, டோக்கன், காத்திருப்பு என்று அரை நாள் போய்விடும். பையன் பெங்களூரிலிருந்தே வீடியோ அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுத்தான். போனைப் பிடித்துக்கொண்டவன் நான். பதில் சொன்னவனும் நான். சாப்பாடு? "நல்லாச் சாப்பிடறா." தூக்கம்? "தூங்கறா." மூச்சு வாங்குதா? "அதெல்லாம் இல்லை டாக்டர்."

டாக்டர் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு, "சார், போனை அம்மாகிட்ட கொடுத்துட்டு நீங்க ஹாலுக்குப் போங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் போனேன். ஹாலில் காதில் விழுந்தது.

"எத்தனை தலகாணி வச்சுப் படுக்கறீங்க?"

"மூணு டாக்டர். மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது. பத்து நாளா சாஞ்ச மாதிரியேதான் தூங்கறேன். இவர்கிட்ட சொன்னா பயந்துடுவார்."

அதே அறையில்தான் நானும் படுக்கிறேன். என் கண்ணில் படவில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்திருந்தது. ஆறு நாள் இருந்தாள். இப்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் போனால் நாம் நடந்து வருவதையே டாக்டர் பார்த்துவிடுவார். இரண்டு வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்குவதும் தெரியும். காலை அழுத்திப் பார்ப்பார், ஸ்டெதஸ்கோப் வைப்பார். போனில் இது எதுவும் கிடையாது. நாம் கொடுப்பதுதான் அவருக்கு வரவு. தப்பான வவுச்சரைக் கொடுத்துவிட்டு பாலன்ஸ் சரியாக வர வேண்டும் என்றால் எப்படி?

ஆகவே முதலில், நோயாளியே பேசட்டும். காது கேட்காவிட்டால் ஸ்பீக்கரில் போடுங்கள். மறந்ததை மட்டும் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுங்கள். மருமகளோ பையனோ வெளியூரிலிருந்து சேர்ந்துகொண்டாலும் இதே விதிதான்.

அடுத்தது நோட்டு. எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பி.பி., நாடித் துடிப்பு, எடை எழுதுகிறோம். காபி குடித்த கையோடு பி.பி. பார்க்கக் கூடாது, அரை மணி போகட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். கை, நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் எழுதுபவர்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள்! எடையையும் அலட்சியம் செய்யாதீர்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிடச் சொல்லி எங்கள் டாக்டர் உத்தரவு. அது சதை இல்லை, நீர்.

"அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொல்லாமல் அட்டையையே கேமராவில் காட்டுங்கள். முகத்தில் வெளிச்சம் படும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள்.

தொலைமருத்துவத்துக்கு மத்திய அரசு 2020 மார்ச்சில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதன்படி மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். நேரில் வந்தால்தான் ஆகும் என்று அவர் நினைத்தால் அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. "காசும் வாங்கிட்டு வரச் சொல்றாரே" என்று திட்டாதீர்கள். அப்படிச் சொன்ன ஒருவரால்தான் எங்கள் வீட்டில் விளக்கெரிகிறது. காசே வேண்டாம் என்றால் அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. மொபைல் எண்ணைப் பதிந்தால் டோக்கன் வரும், டாக்டர் வீடியோவில் வருவார், சீட்டும் வந்துவிடும்.

பழைய வங்கிக்காரன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஃபீஸைத் திருப்பித் தருகிறோம், யூ.பி.ஐ. பின் போடுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போனை வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை.

நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, விழுந்து தலையில் அடி: இதற்கெல்லாம் வீடியோவைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அப்படியே செக்யூரிட்டிக்கும் இன்டர்காமில் சொல்லிவிட்டால் கேட்டைத் திறந்து லிஃப்டைக் கீழே நிறுத்தி வைப்பார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸில் இருப்பேன். பி.பி. மெஷினைக் கொண்டு வந்தால் எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன். இ-சஞ்சீவனியில் பதியத் தெரியாதவர்கள் மற்ற நாளிலும் எங்கள் வீட்டு மணியை அடிக்கலாம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் வேண்டாம், அவள் தூங்குவாள். ஒரே தலகாணியில்.