எண்ணும் அதன் விவரக் குறிப்பும்

திட்டமிடுதலுக்கு அடிப்படை புள்ளி விவரம். ஆயினும் ஓர் எண் தனித்து நின்று பொருள் தருவதில்லை. அது எந்த ஆண்டில், எவரிடம், எவ்வாறு வினவிப் பெறப்பட்டது என்னும் குறிப்பு உடன் இருந்தாலன்றிப் பிறருக்கு அது பயன்படாது. தரவைப் பற்றிய இத்தகைய தரவே ‘மெட்டாடேட்டா’ எனப்படுகிறது. இதனை விவரக் குறிப்பு எனலாம்.

இதன் இன்றியமையாமைக்கு இந்திய வறுமைக் கணக்கே தக்க சான்றாகும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படையில், 1993-94-இல் வறுமைக் கோட்டின்கீழ் வாழ்ந்தோர் 36 சதவீதம், 1999-2000-இல் 26.1 சதவீதம். ஆறு ஆண்டுகளில் ஏற்பட்ட பெரும் முன்னேற்றமாக இது தோன்றியது. ஆனால் இடையில் வினாப் படிவம் மாறியிருந்தது. முந்தைய மதிப்பீடு, குடும்பங்கள் கடந்த 30 நாட்களில் செய்த செலவை அடிப்படையாகக் கொண்டது. பிந்தைய ஆய்வில் உணவுச் செலவு 7 நாட்களுக்கும் 30 நாட்களுக்கும் அருகருகே கேட்கப்பட்டது. துணி, காலணி, கல்வி போன்றவற்றிற்கு 365 நாட்களின் செலவு கேட்கப்பட்டது. எனவே இரண்டையும் நேராக ஒப்பிடலாமா என்று பொருளியல் அறிஞரிடையே நெடிய விவாதம் எழுந்தது.

2004-05 ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. அனைத்துச் செலவுகளையும் 30 நாள் கணக்கில் கொண்டால் வறுமை 27.5 சதவீதம், எப்போதாவது வாங்கப்படும் ஐந்து வகைப் பொருள்களுக்கு மட்டும் 365 நாள் கணக்கைக் கொண்டால் 21.8 சதவீதம். ஏழைக் குடும்பம் ஆண்டில் ஓரிரு முறையே துணி வாங்கும். முப்பது நாள் கணக்கில் அச்செலவு பெரும்பாலும் விடுபட்டுப் போகும் என்பதே இதன் காரணம். பின்னர் 2009-இல் டெண்டுல்கர் குழு வறுமைக் கோட்டையே திருத்தியமைத்தபோது, அதே ஆண்டிற்கு 37.2 சதவீதம் என்ற மதிப்பீடு கிடைத்தது. ஓர் ஆண்டு, ஓர் ஆய்வு, மூன்று விடைகள். மூன்றும் பிழையல்ல, ஒவ்வொன்றும் தனக்குரிய குறிப்போடு படிக்கப்பட வேண்டும் என்பதே உண்மை. குறிப்பை நீக்கி எண்ணை மட்டும் எடுத்தாளும் அறிக்கை, வறுமை வளர்ந்ததாகவோ தேய்ந்ததாகவோ விரும்பியபடி காட்டிவிடும்.

அரசுத் தரவுகளைப் பகிர்ந்துகொள்வதற்கான தேசியக் கொள்கை 2012-இல் வகுக்கப்பட்டது. ஆராய்ச்சித் தரவு எளிதில் கண்டறியத்தக்கதாகவும், பெறத்தக்கதாகவும், பிற தரவுகளோடு இணைக்கத்தக்கதாகவும், மீண்டும் பயன்படத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்ற நான்கு நெறிகள் 2016-இல் உலக அறிவியலாளரால் வெளியிடப்பட்டன. இந்நான்கிற்கும் விவரக் குறிப்பே துணை. அட்டவணை இல்லாத நூலகத்தில் நூல் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். குறிப்பில்லாத தரவின் நிலையும் அதுவே.

தலைப்பு, திரட்டிய நிறுவனம், காலம், இடம், மாதிரி தேர்ந்த முறை, வினாப் படிவம், அலகு, கலைச்சொற்களின் வரையறை, குறியீடுகளின் பொருள், பயன்படுத்துவதற்கான நிபந்தனை ஆகியவை குறிப்பில் இடம்பெறுதல் வேண்டும். தனி மனிதரை அடையாளம் காட்டும் செய்திகள் பொதுவில் வெளிவராமல் காப்பதும் கடமையாகும்.

இவற்றை எழுதவேண்டிய காலம் ஆய்வு நடைபெறும் காலமே. பணி முடிந்து அலுவலர் மாறுதலாகிச் சென்றபின், குறியீட்டு எண் ஒன்றின் பொருளைச் சொல்ல எவரும் இரார். களத்தில் இன்று ஒரு மணி நேரம் செலவிட்டு எழுதப்படும் குறிப்பு, பின்வரும் ஆய்வாளர் மீண்டும் அதே வீடுகளின் கதவைத் தட்டவேண்டிய தேவையைத் தவிர்க்கும். பொதுப் பணத்தில் திரட்டிய தரவு பொதுமக்களுக்குப் பயன்படுவதற்கு முதற்படி இதுவேயாகும்.