கைப்பிடியை விட்டு நடங்கள்



மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவைக் காலை ஆறு மணிக்குப் பார்த்தால், இந்த ஊரில் எல்லோருமே நடக்கிறார்கள் என்று தோன்றும். தி.நகர் நடேசன் பூங்காவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் அதே கூட்டம்தான். ஆனால் அந்த ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், இரவு வேலை முடிந்து அப்போதுதான் வீடு வந்து சேர்கிறவர்களும் இருக்கிறார்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை தெருவை நம்பி இறங்க முடியாது. அக்னி நட்சத்திரத்திலோ ஏழரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால்தான் வீட்டுக் கூடத்திலும் தெருமுனை ஜிம்மிலும் ட்ரெட்மில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று அதில் புதிதாக ஏறப்போகிறவர்களோடுதான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம்மில் பலர் இந்த இயந்திரத்தை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில். மாஸ்டர் செக்கப் போனால் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, 'டி.எம்.டி.' என்று ஏற்றிவிடுவார்களே, அதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை அது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டிக்கொண்டே போவார்கள். மூன்றாவது கட்டத்தில் வேகம் 5.5 கிலோமீட்டர், ஏற்றம் 14 சதவீதம். பழக்கமில்லாத பலருக்கு அங்கேயே மூச்சு முட்டிவிடும். இதயம் எவ்வளவு தாங்குகிறது என்று மருத்துவ மேற்பார்வையில் பார்க்கிற பரிசோதனை அது. வீட்டிலும் அப்படி மூச்சிரைத்தால்தான் உடம்பு இளைக்கும் என்று நினைத்துக்கொண்டு முதல் நாளே ஓடுகிறவர்கள் நிறைய. முழங்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும், பயிற்சியும் அந்த வாரத்தோடு நின்றுவிடும்.

முதல் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஏற்றம் வேண்டாம். மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, உடம்பு சூடானதும் நான்குக்குப் போங்கள். கடைசி மூன்று நான்கு நிமிடம் வேகத்தைப் படிப்படியாக இறக்குங்கள். இறங்கியதும் தரை நகர்கிற மாதிரி இருக்கும். சற்று நின்று நிதானித்துவிட்டு நடங்கள். வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட வராது. அதுதான் அளவு. பிறகு முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடக்க வந்த பிறகு ஏற்றத்தை ஒன்று, இரண்டு என்று கூட்டலாம். வேகத்தைக் கூட்டுவது கடைசியில்தான்.

மாம்பலத்தில் என் அக்கா வீட்டில் ஒரு காட்சி பார்த்தேன். ஏற்றம் ஐந்து, வேகம் ஐந்து. ஆனால் அக்கா இரண்டு கையாலும் முன்கம்பியை இறுகப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொங்கியபடி வருகிறார். விரல் முட்டிகள் வெளுத்திருக்கின்றன. "அக்கா, கையை விடுங்க" என்றேன். "விட்டா விழுந்துடுவேன்டா" என்றார். விட்டால் விழுகிற வேகம் நமக்கான வேகம் இல்லை. மூன்றரைக்கு இறக்கி, ஏற்றத்தையும் எடுத்துவிட்டுக் கையை வீசி நடக்கச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் முதுகு நிமிர்ந்துவிட்டது.

இதில் கணக்கும் இருக்கிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. அதே வேகத்தில் 5 சதவீத ஏற்றம் வைத்தால் அது 200-ஐத் தாண்டும். ஆனால் கம்பியில் தொங்கினால் உடம்பின் பாரத்தில் ஒரு பகுதியைக் கை வாங்கிக்கொள்ளும், அந்தக் கூடுதலில் பெரும்பகுதி போய்விடும். திரையில் ஓடுகிற எண்ணுக்கு இது தெரியாது. ஆகவே அந்த எண்ணை நம்பி ஹோட்டலில் உட்காராதீர்கள். 130 கலோரியை இரண்டு மெதுவடை விழுங்கிவிடும். தட்டில் சோற்றையும் காப்பியில் சர்க்கரையையும் குறைக்காமல், நடந்து மட்டும் எடை இறங்குவது மிகவும் கடினம்.

கோபாலபுரத்தில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது அது. நம்மவர்களுக்குக் கொழுப்பு சேர்கிற இடம் வயிறு, நீரிழிவுக்கு வழி விடுவதும் அந்தக் கொழுப்புதான். அதனால் தினமும் எடை மெஷினில் ஏறி மனம் தளர வேண்டாம். தையற்காரர் டேப் ஒன்றை எடுத்து மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நமக்கான வரம்பு.

செருப்பு, ஷூவை வாசலிலேயே விடுவது நம் வீட்டு வழக்கம். அதனால் பலர் வெறுங்காலோடு பெல்ட்டில் ஏறிவிடுகிறார்கள். உராய்வில் உள்ளங்கால் கொப்பளிக்கும். நீரிழிவுக்காரர்களுக்கு அந்தக் கொப்புளம் புண்ணாகவே மாறலாம். மெஷினுக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி அதன் பக்கத்திலேயே வையுங்கள், தெருவுக்குப் போட்டுப் போகாதீர்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி எதுவும் தொங்கக் கூடாது. சிவப்புக் கயிறோடு இருக்கிற சேஃப்டி கீயைச் சட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். நடந்து முடித்ததும் சாவியை எடுத்துவிட்டு பிளக்கையும் பிடுங்குங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இதில் சமரசமே கூடாது. ஓடுகிற பெல்ட் பிஞ்சு விரலை நொடியில் இழுத்துவிடும்.

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கைக்கெட்டும் இடத்தில் நாலு மிட்டாய் வைத்திருங்கள். நெஞ்சு இறுகினாலும் தலை சுற்றினாலும் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. சென்னையில் அது அடையாறு முத்துலட்சுமி பூங்காவில் ஆரம்பித்து பெசன்ட் நகர்ப் பக்கம் போகிறது. மழைக்காலம் முழுக்க வீட்டில் நடந்து பழகுங்கள். நாற்பது நிமிடம் கைப்பிடியைத் தொடாமல் நடக்க வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே போய்ப் பாதித் தூரமாவது நடந்து பாருங்கள். பிப்ரவரி வரை காற்று இதமாக இருக்கும்.