கேள்விகள் எங்கே இருக்க வேண்டும்?



தரவுத்தளத்திலிருந்து இணையப் படிவத்தை உருவாக்குவது பற்றிப் பேசச் சங்கரன்கோவிலில் கூடியிருப்பது மிகவும் பொருத்தம். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் பிறந்தது; இந்த ஊரும் அதற்குள் வந்தது. அதுவரை 32 ஆக இருந்த தமிழ்நாட்டு மாவட்டங்கள் அந்த மாத முடிவில் 37 ஆயின. அடுத்த ஆண்டு மயிலாடுதுறையும் சேர்ந்து 38.

மாவட்டம் கேட்காத படிவம் நம்மிடம் எத்தனை இருக்கிறது? வருமானச் சான்று, கல்லூரிச் சேர்க்கை, கூரியர் முகவரி என்று எல்லாவற்றிலும் அந்த டிராப்டவுன் உண்டு. பட்டியலைப் பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே தட்டச்சு செய்து வைத்தவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திருத்த வேண்டியிருந்தது. தரவுத்தள டேபிளில் வைத்திருந்தவர்களுக்கு, மாவட்டத்துக்கு ஒரு வரி சேர்த்து, கீழே உள்ள தாலுகாக்களை அந்த வரியோடு இணைத்தால் வேலை முடிந்தது. தென்காசிக்கு அப்படி எட்டுத் தாலுகாக்கள்.

நான் இதற்கு மேலும் ஒரு படி போகச் சொல்கிறேன். விடைப் பட்டியல் மட்டுமல்ல, கேள்வியே டேபிளில் இருக்க வேண்டும். கேள்வியின் எண், தமிழ் வாசகம், ஆங்கில வாசகம், கட்டத்தின் வகை, வரிசை, கட்டாயமா இல்லையா, எந்த விடைக்குப் பிறகு தோன்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். புரோகிராம் அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, தேதி என்றால் நாள்காட்டியையும் தெரிவு என்றால் பட்டியலையும் வரைந்துகொண்டே போகும். நிரப்பி அனுப்பியதும் சர்வர் அதே வரிகளை வைத்துத்தான் விடைகளைச் சரிபார்க்க வேண்டும். திரையில் சரிபார்த்துவிட்டோம் என்று அங்கே விட்டுவிடக் கூடாது.

விசைத்தறி ஓடும் ஊர் இது. ஜக்கார்டில் அட்டையை மாற்றினால் டிசைன் மாறிவிடும். தறியைப் பிரிக்க வேண்டியதில்லை. படிவமும் அப்படித்தான்: டேபிளின் வரியை மாற்றினால் போதும்.

நம் மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ நிறுவனம் 2006இலேயே கிரியேட்டர் என்ற கருவியை வெளியிட்டது. அதில் படிவத்தை வரைந்தால் டேபிள் பின்னால் தானாக அமையும். நாம் இன்று பேசுவது அதன் எதிர்த்திசை: இருக்கிற டேபிளிலிருந்து படிவம் எழ வேண்டும். அரசு அலுவலகங்களில் தரவு முன்பே குவிந்து கிடப்பதால் நமக்கு இந்தத் திசைதான் அதிகம் தேவைப்படும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். மாவட்டம் பிரிவதற்கு முன் இதே ஊரில் பிறந்த ஒருவர் இன்று விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். பிறப்புச் சான்றில் அவருடைய மாவட்டம் திருநெல்வேலி. இன்றைய முகவரியில் தென்காசி. இரண்டும் சரி. ஆனால் தாலுகாவின் வரியில் பழைய மாவட்டத்தை அழித்துப் புதியதை எழுதிவிட்டால், அவருடைய பிறப்பு ஆவணத்தையே படிவம் பொய்யாக்கிவிடும். ஆகவே எந்த வரியையும் அழிக்காதீர்கள். எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று இரண்டு தேதிகளை வைத்துப் பழைய வரியை மூடுங்கள். புதிய வரியைத் திறங்கள். கேள்வியின் வாசகத்துக்கும் இதே விதிதான். விடை தந்தவர் எந்தக் கேள்வியைப் படித்து விடை தந்தார் என்பது பத்தாண்டு கழித்தும் தெரிய வேண்டும்.

அகரவரிசையையும் கவனியுங்கள். யூனிகோடில் ளகரம் முன்னால், ழகரம் பின்னால். எழுத்தின் குறியெண்ணை மட்டும் நம்பி வரிசைப்படுத்தினால் களக்காடு முதலில் வந்து கழுகுமலை அடுத்து நிற்கும். நம் அகராதிப்படி கழுகுமலைதான் முந்த வேண்டும். தமிழ் வரிசை விதியைத் தரவுத்தளத்தில் தேர்ந்தெடுங்கள், அல்லது வரிசைக்கென்று தனி எண் கொடுங்கள். ஊர்ப்பெயரைத் தேடி அலையும் முதியவருக்கு அது சின்ன உதவியல்ல.

விடைகள் டேபிளில் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நல்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. ஆண், பெண் என்று இரண்டு பொத்தான்களைப் பக்கத்திலேயே எழுதி வைத்த படிவத்தின் முன் ஒரு திருநங்கை உட்கார்ந்தால், தன்னைப் பற்றிப் பொய் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. டேபிளில் ஒரு வரி சேர்த்தால் நீங்கிவிடும் அவமானம் அது. இதை வெறும் தொழில்நுட்ப வசதி என்று என்னால் எண்ண முடியவில்லை.

இம்முறையில் சிரமங்களும் உண்டு. விடைக்கு ஒரு வரி என்று அடுக்கினால், லட்சக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து ஓர் அறிக்கை எடுப்பதற்குள் சர்வர் திணறும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2014இல் கொண்டுவந்த, பல விடைகளை ஒரே கட்டத்தில் வைக்கும் ஜேசன்பி வகை ஓரளவு கைகொடுக்கிறது. இரண்டாம் அமர்வில் இதை விரிவாகப் பேச இருக்கிறார்கள்.

கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் டேபிள் அமைப்பைத் திரையில் காட்டும்போது, நாளை ஒரு புது வரியை யார் சேர்ப்பார் என்பதையும் சொல்லுங்கள். தாலுகா அலுவலக எழுத்தரே சேர்த்து, தாசில்தார் ஒப்புதல் தந்து, யார் எப்போது மாற்றினார் என்ற பதிவும் நிற்கும்படி உங்கள் வடிவமைப்பு இருக்கிறதா? அல்லது சென்னையில் இருக்கும் புரோகிராமருக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டுமா? கேள்வி நேரத்தில் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.