நாலு வயசுக் கேள்வி

நாளைக்கு முன்பள்ளி ஆசிரியைகளாகப் போகிற என் தங்கச்சிமாரே, இடமில்லாமல் பின்னால் நிற்கிற தோட்டத்துச் சொந்தங்களே!

பயிற்சியில் உங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தார்கள். களிமண்ணில் யானை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு வயசுப் பிள்ளை வந்து, "டீச்சர், பஸ்ஸுல ஒருத்தரு எங்கள தோட்டக்காட்டான்னு ஏசினாரு, நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டால் என்ன சொல்வது? அதை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

"அதெல்லாம் பேசக்கூடாது, போய் விளையாடு!" இதுதானே நம் பதில்? நாம் பேசாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுமா? அமெரிக்காவிலே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று ஒரு கறுப்பினத் தம்பதி இருந்தார்கள். 1940களில், நிறம் மட்டும் வேறான பொம்மைகளைச் சின்னப் பிள்ளைகள் முன்னால் வைத்து, "எது நல்ல பொம்மை?" என்று கேட்டார்கள். கறுப்புப் பிள்ளைகளே பெரும்பாலும் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டின! மூன்று வயசிலிருந்து ஏழு வயசுக்குள்! இங்கே பொம்மை எதற்கு? கலைவிழா அன்று கறுத்த பிள்ளை முகத்தில் பவுடரை அப்பி, "இப்பத்தான் அழகா இருக்கே" என்கிறோமே, அது போதாதா?

வேலைக்குப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட்டுப்போகிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், இப்படி ஒரு பேச்சுக்குப் பதில் சொன்ன ஆயாம்மாவைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன். கையெழுத்துப் போடத் தெரியாதவள். 1983-ல் தமிழர்களைத் தாக்கிய ஆடிக் கலவரம் முடிந்த நேரம். பெக்டரியில் வேலை செய்த சிங்களவரின் மகனும் அங்கேதான் வருவான். எங்கள் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார மறுத்தான். "இவங்கதான் எங்க சித்தப்பா கடைய எரிச்சாங்க." ஆயாம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "எரிச்சது தப்புதான். இவனுக்கு வயசு நாலு. இவன் எரிக்கல. உக்காரு, கஞ்சி ஆறுது."

கை தட்டுங்கள், அவளுக்காகத் தட்டுங்கள்! உண்மையை மறைக்கவில்லை. பழியைப் பிஞ்சுத் தலையில் ஏற்றவும் இல்லை. எந்த டிப்ளோமாவில் இருக்கிறது இந்தப் பாடம்?

பிள்ளைக்குப் பதில் சொல்ல முதலில் நம் கதை நமக்குத் தெரியவேண்டும். 1948-ல் தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். நம் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? நாடற்றவர் கணக்கு தீர 2003-ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. இதையெல்லாம் மேடையில் முழங்குகிற சில தலைவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், நீங்கள் சிரிக்கிற சிரிப்பிலேயே தெரிகிறது! வாயில் மலையகம், பிள்ளைகள் கொழும்பில். தேர்தல் வந்தால்தான் லயத்துப் படி தெரியும். அந்தத் தலைவர்களின் பிள்ளைகளைப் பஸ்ஸில் யாரும் ஏசமாட்டார்கள், அவர்கள் பஸ்ஸில் ஏறுவதே இல்லையே!

சரி, அவர்களை விடுங்கள். தங்கச்சிமாரே, பிள்ளை கேட்டால் வாயை மூடாதீர்கள். "ஏசினவங்க செஞ்சதுதான் தப்பு. உன் பூட்டனுக்கும் முந்தினவங்க காட்டை வெட்டிக் கோப்பி நட்டாங்க, பாட்டி கொழுந்து பறிச்சா, இது நம்ம ஊரு" என்று சொல்லுங்கள். அதே மூச்சில், நம் பிள்ளை சிங்களப் பிள்ளையையோ முஸ்லிம் பிள்ளையையோ ஏசினாலும், பக்கத்து லயத்துப் பிள்ளையைச் சாதி சொல்லி ஒதுக்கினாலும், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.

பயிற்சி நடத்துகிற அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இனம், நிறம், சாதி பற்றிப் பிள்ளைகளோடு பேசுவது எப்படி என்பதைப் பாடத்திட்டத்தில் சேருங்கள். ஆயாம்மா படிக்காமலே செய்ததை, படித்த நம் பிள்ளைகள் செய்வார்கள்.