வங்கிக் கிளையும் நம் சிறுதொழிலும்



கல்வி பெற்ற நம் இளைஞர் சொந்தத் தொழில் தொடங்க முற்படுங்கால், முதற்கண் எதிர்ப்படும் தடை முதலீடே. நிலமும் பரம்பரைச் சொத்தும் இல்லாத நமக்கு அத்தடை பன்மடங்கு பெரிது. ஆதலின் வங்கியைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. அந்நாளில் கிளைகளுள் நான்கில் ஒரு பங்கு கூடச் சிற்றூர்களில் இல்லை. வங்கியுள்ள ஊரில் ஒரு கிளை திறப்பதாயின், வங்கியற்ற நான்கு ஊர்களில் கிளை திறத்தல் வேண்டும் என 1977இல் ரிசர்வ் வங்கி விதித்தது. 1969க்கும் 1990க்கும் இடையே ஏறத்தாழ 30,000 சிற்றூர்கள் முதன்முறையாக வணிக வங்கிக் கிளையைப் பெற்றன.

கிளை அருகிலிருப்பதன் பயன் யாது? தையற்கடை வைத்திருப்பவரிடம் கணக்கேடு இராது. ஈடு காட்டச் சொத்தும் இராது. அவருடைய உழைப்பையும் நாணயத்தையும் அருகிலிருந்து காண்பவரே அறிவர். தொலைவிலுள்ள அதிகாரியோ தாள்களை மட்டுமே காண்பார். மேலும், வங்கிக்குச் சென்றுவர ஒருநாள் கடையடைத்தால் அன்றைய வருவாய் போயிற்று. மும்முறை அலைந்தவருக்குக் கந்துவட்டிக்காரர் வீட்டுத் திண்ணையே எளிதாகத் தோன்றும்.

எனினும், கிளை ஊருக்குள் வந்துவிட்டமையால் கடன் சேரிக்குள் வந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. ஈடு இல்லை, ஜாமீன் இல்லை என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் நம்மிடையே பலர். அவர்கள் அறிய வேண்டிய விதிகள் உள. குறு, சிறு தொழில்களுக்கான 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கலாகாது என 2010இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் விண்ணப்பத்தைக் கிளை அளவிலேயே தள்ளிவிடலாகாது; அம்முடிவு அடுத்த மேல்நிலையில் எடுக்கப்பெறல் வேண்டும்; காரணமும் தெளிவாகக் குறிக்கப்பெறல் வேண்டும். இதுவும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறையே.

ஆகவே, வாய்மொழியாகக் கூறப்படும் மறுப்பை ஏற்றுத் திரும்பற்க. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுக. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுக. சிறுதொகையாயினும் தவறாது வங்கியில் இட்டு வருக. அன்றாட வரவு செலவை எழுதி வைக்க. நம் நாணயத்துக்கு அவையே சான்றாகும்.

படித்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தெருவில் தொழில் செய்யும் ஒருவருக்கேனும் கணக்கெழுதக் கற்பியுங்கள். விண்ணப்பம் நிரப்பித் தாருங்கள். அவருடன் வங்கிக்குச் செல்லுங்கள். நாம் கற்ற கல்வி நம்மவர் தொழிலுக்குத் துணையாகட்டும்.