தூதுவர் டுக்விட்ஸ்



தன்னை அனுப்பியவன் சொல்லைத் திரிக்காது உரைப்பவனே நல்ல தூதுவன் என்பது தொன்றுதொட்டு வரும் நெறி. அனுப்பியவனே அறம் பிறழ்ந்தால் தூதுவன் செய்யக்கடவது யாது? இவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை தந்தவர் ஜெர்மானியராகிய கெயோர்க் பெர்டினாண்ட் டுக்விட்ஸ்.

பிரேமன் நகரத்து வணிகக் குடும்பம் ஒன்றில் 1904இல் பிறந்தவர் அவர். 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அதன் அயலுறவு அலுவலகத்திலும் பணியாற்றினார். அதன் போக்கு மனத்துக்கு ஒவ்வாமல் 1935இல் அப்பணியை விடுத்துக் கப்பல் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். ஆயினும் கட்சி உறுப்பினராகவே நீடித்தார். இதனை மறைத்து அவரைப் போற்றுதல் வரலாற்றுக்கு அறமாகாது.

1939இல் கப்பல் போக்குவரத்து வல்லுநராகக் கோபன்ஹேகனிலிருந்த ஜெர்மன் தூதரகத்துக்கு வந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியது. 1943 செப்டம்பரில், அங்கிருந்த ஜெர்மன் ஆட்சிப் பேராளர் வெர்னர் பெஸ்ட், யூதர்களை நாடு கடத்துமாறு பெர்லினுக்குத் தந்தி விடுத்ததை டுக்விட்ஸிடம் தெரிவித்தார். டுக்விட்ஸ் பெர்லினுக்கு விரைந்து தடுக்க முயன்றார், பயனில்லை. அடுத்து ஸ்வீடன் சென்று, தலைமை அமைச்சர் பெர் அல்பின் ஹான்சனைச் சந்தித்து யூதர்களின் புகலிடம் குறித்துப் பேசினார்.

செப்டம்பர் 28ஆம் நாள், டேனிய சமூக ஜனநாயகக் கட்சியின் முன்னணியினருள் ஒருவராகிய ஹான்ஸ் ஹெட்டாஃப்டிடம், யூதர்களைச் சிறைபிடிக்கவிருக்கும் செய்தியைக் கூறினார். வெளிப்பட்டால் உயிருக்கே உலை வைக்கும் செய்தி அது. மறுநாள் காலை வழிபாட்டில் மதகுரு மார்க்கஸ் மெல்கியோர் மக்களை எச்சரித்தார். அக்டோபர் 1ஆம் நாள் இரவு படையினர் கதவுகளைத் தட்டியபோது, பெரும்பாலான வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. மீனவர், மருத்துவர், மாணவர் எனப் பலரும் துணைநிற்க, 7,000க்கு மேற்பட்ட யூதர்கள் நீரிணை கடந்து ஸ்வீடன் சேர்ந்தனர். ஏறத்தாழ 470 பேர் பிடிபட்டுத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் 50க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

போருக்குப்பின் அவர் 1955இல் மேற்கு ஜெர்மனியின் தூதுவராய் டென்மார்க்கிலேயே பொறுப்பேற்றார். 1961 முதல் 1965 வரை இந்தியாவில் தூதுவராய் விளங்கினார். ஓய்வு பெற்றவரை வில்லி பிராண்ட் 1967இல் மீண்டும் அழைத்து அயலுறவுத் துறைச் செயலராக்கினார். 1970இல் போலந்துடனான பேச்சுவார்த்தையில் மேற்கு ஜெர்மனியின் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் வார்சா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1971இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரைச் சிறப்பித்தது. 1973இல் பிரேமனில் மறைந்தார்.

அவர் படை திரட்டவில்லை. படகு ஓட்டவும் இல்லை. அறிந்ததை, அறிய வேண்டியவரிடம், காலம் கடவாமுன் கூறினார். அச்சொல்லை ஹெட்டாஃப்ட் நம்பினார், மெல்கியோர் உரக்கக் கூறினார், மீனவர் படகவிழ்த்தனர். ஏற்றுச் செயற்படுவோர் இல்லையேல் அதுவும் காற்றோடு போயிருக்கும்.

கவிஞர்களும் சொல்லையே கருவியாகக் கொண்டோர். அழகுறச் சொல்லுதல் அவர்கள் கலை. அஞ்சத்தக்க வேளையிலும் உண்மையைச் சொல்லுதல் அவர்கள் கடன். அக்கடனை, கவிஞரல்லாத ஓர் அலுவலர் முழுமையாய்ச் செலுத்தினார்.